மண்வெட்டிமேல் சாய்ந்த மனிதன்: மில்லேயின் ஓவியமும் கல்வராயன் மலையும்

பிரெஞ்சு ஓவியரும் அச்சோவியருமான ழான் பிரான்சுவா மில்லே (1814–1875) வரைந்த ‘மண்வெட்டியுடன் ஒரு மனிதன்’ என்னும் ஓவியம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகுதியான வசைக்கு ஆளான படங்களுள் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்குள் அதே படம் உலகெங்கும் புகழப்பட்ட படங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. வைதவர்களும் புகழ்ந்தவர்களும் அந்த மனிதனைப் பற்றி ஏராளமாகப் பேசினார்கள். அவன் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஓவியத்தை மறுபடியும் பார்க்க நாம் விரும்புகிறோம். பாரிசுக்குத் தெற்கே உள்ள ஒரு சமவெளியையும் நம்முடைய மலைச்சரிவையும் சேர்த்துப் பேசுவது வலிந்த ஒப்புமை என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இரண்டு இடங்களிலும் கருவி ஒன்றுதான். கல்லும் முள்ளும் நிறைந்த நிலமும் ஒன்றுதான். மண்ணைக் கொத்தும் மனிதனை மண் கொத்தாதவர்கள் எவ்வாறு சித்திரித்தார்கள் என்ற கேள்வியும் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. அந்தக் கேள்விக்காகவே இந்த ஒப்புமை.

*

முதலில் படம். பெரிய படமன்று, ஏறக்குறைய 82 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம். எண்ணெய் வண்ணத்தில் 1860-க்கும் 1862-க்கும் இடையே வரையப்பட்டது. முன்னிலையில் ஒரே ஓர் ஆள். இரு கைகளையும் மண்வெட்டிக் காம்பின் முனையில் ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி, முன்பக்கம் குனிந்து நிற்கிறான். சட்டையின் கழுத்துத் திறந்திருக்கிறது. காலில் மரச்செருப்பு. வாய் சற்றே பிளந்திருக்கிறது. கண்கள் எதையோ பார்ப்பதுபோல் இருந்தாலும் எதையும் பார்க்கவில்லை. அவனைச் சுற்றிக் கட்டி கட்டியாக மண், கற்கள், முட்செடிகள். பின்னால் தரையில் அவனுடைய மேற்சட்டையும் தொப்பியும் கிடக்கின்றன. தொலைவில் களைகளைக் குவித்து எரிக்கும் புகை. அங்கே சிறு உருவங்களாக வேறு மனிதர்களும் வேலையில் இருக்கிறார்கள். தொடுவானம் உயர்ந்து கிடக்கிறது. மனிதனின் உடலில் பெரும்பகுதி மண்ணின் நிறத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதில் கதை இல்லை. மரணமோ காதலோ போரோ இல்லை. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே மூச்சு வாங்க நிற்கும் ஒருவனின் சில நொடிகள் மட்டுமே இருக்கின்றன. இவ்வளவு சிறிய செய்தியைச் சொன்ன ஒரு படம் ஏன் அத்தனை கூச்சலை எழுப்பியது என்பதை அறிய, வரைந்தவரையும் அவர் வாழ்ந்த காலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மில்லே நார்மண்டிக் கடற்கரையை ஒட்டிய க்ருஷி என்னும் குக்கிராமத்தில், 1814 அக்டோபர் 4 அன்று உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தந்தையோடு வயலில் வேலை செய்தவர். அதே வீட்டில் விவிலியமும் வெர்ஜிலும் படிக்கக் கிடைத்தன. ஷெர்பூர் நகரில் ஓவியம் பயின்று, 1837-இல் பாரிசுக்குச் சென்று பால் தெலரோஷிடம் மாணவரானார். பல ஆண்டுகள் பிழைப்புக்காக உருவப்படங்களும் விற்பனைக்கேற்ற சிறு படங்களும் வரைந்தார். 1849-இல் பாரிசில் காலரா பரவியபோது மனைவி மக்களுடன் ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 1875 ஜனவரி 20 அன்று இறக்கும்வரை அதுவே அவருடைய ஊர். ‘விதைப்பவன்’ (1850), ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ (1857), மாலை வழிபாட்டு மணிக்குத் தலைகுனிந்து நிற்கும் தம்பதியரைக் காட்டும் ‘ஏஞ்சலஸ்’ (1857–59) ஆகிய புகழ்பெற்ற படங்களெல்லாம் அங்கே உருவானவை.

அவர் வண்ணத்தோடு நிற்கவில்லை என்பதும் இங்கே முக்கியம். செப்புத் தகட்டில் மெழுகுப்பூச்சிட்டு, ஊசியால் கீறி, கீறலை அமிலத்தால் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் எடுக்கும் அச்சுமுறையில் அவர் ஏறத்தாழ இருபது தகடுகள் செய்திருக்கிறார். மண் தோண்டும் இருவர், கம்பளி நூற்கப் பஞ்சு சீவும் பெண், வேலைக்குப் புறப்படும் இணையர் என்று அவற்றின் பொருளும் பெரும்பாலும் உழைப்புத்தான். எண்ணெய் ஓவியம் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும். அச்சோ பலர் கைக்குப் போகும். மில்லேயின் அச்சுகளையும், அவர் படங்களைப் பார்த்துப் பிறர் எடுத்த அச்சுப் படிகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் வான்கோ அவரைத் தம் ஆசானாக ஏற்றார். 1889-இல் சேன்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, கறுப்பு வெள்ளையில் கிடைத்த மில்லேயின் உருவங்களைத் தம் வண்ணங்களில் மீண்டும் வரைந்தார். மண் தோண்டும் அந்த இருவரும் அவற்றுள் உண்டு.

*

1863-ஆம் ஆண்டு பாரிஸ் அரசுக் கண்காட்சியில் ‘மண்வெட்டியுடன் ஒரு மனிதன்’ வைக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்ட ஓவியர்களுக்காகத் தனிக் கண்காட்சி நடந்ததும், மானேயின் படம் அங்கே பெருஞ்சிரிப்புக்கு ஆளானதும் அதே ஆண்டில்தான். மானே ஒழுக்கத்தைக் குலைத்தார் என்றார்கள். மில்லே ஒழுங்கைக் குலைத்தார் என்றார்கள். மண்வெட்டி மனிதனின் முகத்தில் முட்டாள்தனமும் கொடூரமும் தெரிகின்றன என்று எழுதப்பட்டது. பணிப்பெண்களை ஏமாற்றி அழைத்துச்சென்று கொன்றதற்காக 1862-இல் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்ட துமொலார் என்பவனின் பெயரை ஒரு விமரிசகர் இந்த உழவனுக்குச் சூட்டினார். களைத்து நின்ற ஒருவன் கொலைகாரனாகத் தெரிந்திருக்கிறான்.

இந்த அச்சத்துக்கு அரசியல் காரணம் உண்டு. நிலக்கிழாருக்கு ஊதியமின்றி வேலை செய்து கொடுக்கும் ‘கொர்வே’ என்ற முறை பிரான்சில் நெடுங்காலம் இருந்தது. நாம் வெட்டி என்று சொல்வதற்கு மிக நெருங்கியது அது. 1789 புரட்சி அதை முடித்துவைத்தது. 1848 புரட்சிக்குப் பிறகு ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. எண்ணிக்கையில் மிகுந்திருந்த உழவர்கள் திடீரென்று நாட்டின் தலைவிதியை முடிவு செய்யக்கூடியவர்கள் ஆனார்கள். இந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பாரிஸ் நகரவாசிகளுக்குத் தெரியாது. தெரியாத முகம் ஒன்று சட்டகத்துக்குள் வந்து நின்றவுடன் அவர்கள் அதில் தங்கள் பயத்தைப் பார்த்தார்கள்.

அதுவரை பிரெஞ்சு ஓவியத்தில் உழவர்களே இல்லை என்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பூஷேயின் இடையர்களும் இடைச்சியரும் பட்டாடை உடுத்திப் புல்வெளியில் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வியர்ப்பதில்லை. அதற்கும் முன்பு, 1688-இல் வெளிவந்த நூலில் லா ப்ரூயேர் ஒரு காட்சியை எழுதியிருந்தார்: வயல்களில் ஏதோ விலங்குகள் குனிந்து மண்ணைக் கிளறுகின்றன, நிமிர்ந்தால் மனித முகம் தெரிகிறது, உண்மையில் அவை மனிதர்கள்தாம் என்று. பட்டாடை இடையன், மண் கிளறும் விலங்கு என்னும் இவ்விரண்டு உருவங்களே படித்தவர்களின் மனத்தில் இருந்தன. மில்லே மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்தார்.

வசைகளுக்கு மில்லே தம் நண்பர் ஆல்ஃபிரெட் சான்சியேவுக்கு எழுதிய கடிதத்தில் பதில் சொல்லியிருக்கிறார். அதன் சாரம் இது: நாட்டுப்புறத்தின் அழகு தமக்குத் தெரியாமலில்லை, மலர்களும் கதிரொளியும் தமக்கும் தெரிகின்றன, கூடவே, கற்பாங்கான நிலத்தில் காலையிலிருந்து மூச்சைப் பிடித்து விடும் ஓசையைக் கேட்கச் செய்து, இப்போது ஒரு கணம் நிமிர்ந்து மூச்சு வாங்க முயலும் மனிதனும் தெரிகிறான். தம்மைச் சமதர்மக் கட்சிக்காரர் என்று அழைப்பதை அவர் ஏற்கவில்லை. விவிலியத்தில் மனிதனுக்கு விதிக்கப்பட்ட வியர்வையின் உணவைத்தான் அவர் மனத்தில் கொண்டிருந்தார். எனினும், பார்த்ததைக் குறைக்காமல் சொல்வது அரசியலாகிவிடும் காலங்கள் உண்டு.

*

இந்தப் படத்தின் பிற்கால வாழ்க்கை இன்னொரு வகையில் விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு, க்ராக்கர் குடும்பத்தின் மாளிகைக்குச் சென்று சேர்ந்தது. அக்குடும்பத்தின் செல்வம் சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையிலிருந்து வந்தது. பாதையமைப்புக்குப் பொறுப்பேற்றிருந்தவர் சார்ல்ஸ் க்ராக்கர். சியரா நெவாடா மலைகளைக் குடைந்து அந்தப் பாதையை அமைத்தவர்கள் பல்லாயிரம் சீனக் கூலிகள். 1867-இல் அவர்கள் வெள்ளைத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, உணவு வரத்தை நிறுத்தி அவர்களைப் பணியவைத்தார் க்ராக்கர். மலையைக் கொத்தியவர்களின் உழைப்பில் சேர்ந்த பணம், மண்ணைக் கொத்தி ஓய்ந்த ஒருவனின் படத்தை வாங்கியது.

அங்கே அந்தப் படத்தைப் பார்த்த ஆசிரியரும் கவிஞருமான எட்வின் மார்க்கம் எழுதிய கவிதை, 1899 ஜனவரி 15 அன்று ஒரு சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வெளியாயிற்று. அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. மார்க்கமின் பெயர் ஒரே நாளில் பரவியது. இவனை இந்நிலைக்கு ஆளாக்கியது யார் என்று ஆள்வோரை நோக்கி அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வியின் வேகத்தில் அவரும் ஒன்றைச் செய்துவிட்டார். சிந்தனையும் நம்பிக்கையும் அணைந்துபோன, கால்நடைக்குச் சமமாக்கப்பட்ட ஓர் உருவாகவே அந்த மனிதனைக் கண்டார். பாரிஸ் விமரிசகர் கொலைகாரனைக் கண்ட இடத்தில் அமெரிக்கக் கவிஞர் அடிமை விலங்கைக் கண்டார். ஒருவர் வெறுப்பிலும் மற்றவர் இரக்கத்திலும் பேசினார்கள். அவனுக்கு ஒரு மனம் இருக்கக்கூடும், அது இப்போது சோர்ந்திருக்கிறது, சற்று நேரத்தில் மீளும் என்ற எளிய எண்ணம் இருவருக்கும் வரவில்லை.

இன்று படம் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. 2023-இல் அங்கே இந்த ஒரே படத்தின் வரவேற்பு வரலாற்றை மையமாக வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தப்பட்டது.

*

இனி நம் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கு எல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை நிற்கிறது; மறுபக்கச் சரிவு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோமுகி ஆறு இங்கே பிறக்கிறது. வெள்ளிமலை இதன் நிர்வாக மையம். இங்கு வாழும் மக்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாண்குடியினர் என்றும், மூன்று அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே வழிவழியாகக் கதை உண்டு. சமவெளியில் ஏர் பிடித்த கைகள் மலையில் கொத்தைப் பிடித்தன என்று அந்தக் கதையை நாம் விரித்துக்கொள்ளலாம். ஏர் நிற்காத செங்குத்துச் சரிவில் கையால் கொத்தி விதைக்கும் நிலத்துக்குக் கொத்துக்காடு என்று பெயர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அந்த நிலத்தின் விளைச்சல். பின்னாளில் மரவள்ளியும் சேர்ந்துகொண்டது.

இந்த மனிதனைத் தமிழ் எப்படிப் பார்த்தது? இதே மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூர், சங்க காலத்து மலையமான்களின் ஊர். பாரி மறைந்தபின் அவன் மகளிரைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் துறந்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று இன்றும் தென்பெண்ணை ஆற்றில் இருக்கிறது. மலையைக் கபிலர் அளவுக்குப் பாடியவர் எவருமில்லை. அவர் பாடிய பாரியின் பறம்பில் உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். வேறொரு புறப்பாட்டில் காட்டுப்பன்றி கிளறிய மண்ணே உழுத மண்ணாகிவிட, குறவர்கள் அதில் தினை விதைக்கிறார்கள். அகப்பாடல்களில் தினைப்புனம் தலைவி கிளி ஓட்டும் இடம். தலைவன் வந்து நிற்கும் இடம். இவை உலக இலக்கியத்தின் உச்சங்களுள் அடங்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தப் புனத்தை யார் திருத்தினார், கல்லை யார் பொறுக்கினார் என்பதைப் பாடல்கள் விரித்துரைப்பது அரிது. குறிஞ்சியின் அழகு, உழைப்பு மறைந்திருக்கும் அழகு. பூஷேயின் இடைச்சிகளைவிட நம் கொடிச்சி எவ்வளவோ உயிருள்ளவள். ஆனால் அவளுக்கும் இடுப்பு வலித்ததாகச் செய்தி இல்லை.

பிற்காலத்தில் பள்ளு இலக்கியம் உழைப்பாளியை நேராக மேடையேற்றியது. முக்கூடற்பள்ளில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சி வருகிறது. தண்டனை அங்கே நகைச்சுவையின் ஓர் அங்கம். மண்ணின் மணமும் விதை வகைகளின் பெயர்களும் மாடுகளின் இலக்கணமும் அத்தனை விரிவாகக் கிடைக்கும் அந்நூலில், வேலையாள் களைத்து நிற்பதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை.

அடுத்து வந்தது காலனிய அரசின் பார்வை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் மலையாளிகளும் இடம்பெற்றார்கள். தலையின் நீள அகலங்களும் மூக்கின் அளவும் எடுக்கப்பட்ட காலம் அது. அந்நூலின் வழக்கங்கள், கதைகள், சடங்குகள் பற்றிய செய்திகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த வகை நூல்களின் நிழற்படங்களில் மனிதர்கள் கேமராவுக்கு நேராகவோ பக்கவாட்டிலோ அசையாமல் நிற்க வைக்கப்பட்டிருப்பார்கள். அவர்கள் கையில் வேலை இல்லை. முகத்தில் களைப்பும் இல்லை, ஓய்வும் இல்லை. ஓர் இனத்தின் மாதிரியாக நிற்கும்போது தனி மனிதனின் மூச்சுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை.

*

இவ்வாறு பாடப்பட்டும் அளக்கப்பட்டும் வந்த அதே காலத்தில் கல்வராயன் மலையில் நடந்தது என்ன என்பதே வரலாற்றின் கேள்வி. மலை மூன்று ஜாகிர்களாகப் பிரிந்திருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டப் பெயர்களைத் தாங்கிய மூன்று வழியினர் ஜாகிர்தார்களாக இருந்தார்கள். இந்த உரிமை விஜயநகரக் காலத்தில், கிருஷ்ணதேவராயரால் வழங்கப்பட்டது என்பது மரபுச் செய்தி. ஆங்கிலேயர் சமவெளியில் குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தபோதும், மலையை ஜாகிர்தார்களின் கையிலேயே விட்டுவைத்தார்கள். மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஜாகிர்தார் நின்றார். வரி அவருக்கு, வழக்கும் தீர்ப்பும் அவரிடம், அவருடைய நிலத்தில் கூலியில்லாத வேலையும் உண்டு. மலையை ஆள்பவர் என்று பெயர் கொண்ட மக்கள் தங்கள் மலையிலேயே வெட்டி வேலை செய்தார்கள்.

சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலையின் ஜாகிர் முறை அதற்குப் பின்னும் நீடித்தது. நாடு முழுவதற்குமான கொத்தடிமை ஒழிப்பு அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்டு 1976-இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. ஜாகிர்தார்களின் அதிகாரம் முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததும் அதே 1976-இல்தான். அதாவது பிரான்சில் கொர்வே ஒழிந்த 1789-க்கும் நம் மலையில் ஜாகிர் ஒழிந்த ஆண்டுக்கும் இடையே 187 ஆண்டுகள். இந்தியா விடுதலையடைந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. மில்லேயின் மனிதன், தன் பாட்டன் காலத்தில் வெட்டி ஒழிந்த நாட்டில் நின்று மூச்சு வாங்கினான். கல்வராயன் மலையில் வெட்டி வேலை செய்தவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே முதியவர்களாக இருக்கக்கூடும். அந்த வகையில், 1863-இல் பாரிஸ் மக்களை அச்சுறுத்திய அந்தப் படம் அவர்களைவிட நமக்கே நெருக்கமானது.

காடு பற்றிய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கலாம். பிரான்சின் 1827-ஆம் ஆண்டு வனச்சட்டம் கிராமத்தாரின் காட்டு உரிமைகளைக் குறைத்தது. 1861-இல் ஃபோந்தேன்புளோ காட்டின் ஒரு பகுதி, பெரிதும் ஓவியர்களின் முயற்சியால், அதன் அழகுக்காகப் பாதுகாக்கப்பட்டது. அதே காட்டின் ஓரத்தில் சுள்ளிச் சுமை தூக்கும் பெண்களை மில்லே வரைந்துகொண்டிருந்தார். காட்டை அழகாகப் பார்ப்பவருக்கும் காட்டில் பிழைப்பவருக்கும் உள்ள இழுபறி நமக்கும் பழக்கமானது. நம் நாட்டில் வன உரிமைச் சட்டம் 2006-இல்தான் வந்தது.

*

உழைப்பை உருவாக்கிக் காட்டிய கலை தமிழ்நாட்டில் இல்லையா என்ற கேள்வி எழும். உண்டு, அதன் தலையாய எடுத்துக்காட்டு சென்னை மெரினாவில் நிற்கிறது. சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராக 1929 முதல் 1957 வரை இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியராகவும் சிற்பியாகவும் விளங்கியவர். அவர் வடித்த வெண்கலச் சிற்பம் ‘உழைப்பின் வெற்றி’ 1959-இல் நிறுவப்பட்டது. மக்கள் அதை உழைப்பாளர் சிலை என்கிறார்கள். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய கடற்கரை அது. நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்துகிறார்கள். எலும்பும் நரம்பும் புடைத்து நிற்கும் அந்த உடல்களில் ரோதேனின் பாதிப்பைக் காணலாம்.

அந்தச் சிற்பத்தின் கம்பீரம் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மில்லேயோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு மட்டும் துலங்குகிறது. ராய் சௌத்ரி தேர்ந்தெடுத்த கணம் விசையின் உச்சம். பாறை இன்னும் நகரவில்லை. ஆனால் நகரும் என்று பெயரே உறுதியளிக்கிறது. நால்வர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு புதிய நாடு இருக்கிறது. மில்லே தேர்ந்தெடுத்தது விசை இறங்கிய கணம். அவன் தனியாள். வெற்றி என்ற சொல்லை அவன்மேல் வைக்க முடியாது; தோல்வி என்ற சொல்லையும் வைக்க முடியாது. உழைப்பாளியின் வலிமையைப் போற்றுவது எளிதில் விழாவாகிவிடுகிறது, ஆண்டுக்கு ஒருநாள் மாலையும் கிடைக்கிறது. அவனுடைய களைப்பை மதிப்பதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுமை இல்லாதபோது என்ன நிகழும் என்பதை அண்மைக்காலச் செய்திப்படங்கள் காட்டுகின்றன. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அவர்களுள் பலர் கல்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளிகள். மரக்கட்டைகளுக்கு அருகே உடல்கள் கிடந்த நிழற்படங்கள் நாடெங்கும் வெளியாயின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். உடனே கல்வராயன் மலை ஊறல் பானைகளின் மலையாகச் செய்திகளில் தோன்றியது. அந்தத் துயரத்துக்குப் பின்னர்தான், 2024-இல், சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, அட்டை ஆவணங்கள் பற்றிய கேள்விகள் அரசிடம் கேட்கப்பட்டன. உடல் சலித்த மனிதன் எதைக் குடித்து அந்தச் சலிப்பை மறக்கிறான் என்பது நமக்குச் செய்தியாகிறது. அந்தச் சலிப்பு நமக்கு ஒருபோதும் செய்தியானதில்லை.

கொலைகாரன், காளைக்கு நிகரானவன், அளவுக்குரிய மாதிரி, மரம் திருடுபவன், சாராயம் காய்ச்சுபவன் என்று இரு நாடுகளிலும் வைக்கப்பட்ட பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே தொலைவிலிருந்து வைத்த பெயர்கள் என்பது தெரிகிறது. மில்லேயின் படத்தை இவற்றிலிருந்து பிரிப்பது அதன் இரக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்க்கமிடமும் இரக்கம் இருந்தது; அது போதவில்லை. மில்லேயிடம் இருந்தது அனுபவம். காலையிலிருந்து கொத்தியவனின் மூச்சு எப்படி ஒலிக்கும், காம்பின்மேல் எந்தக் கை மேலே வரும், முதுகை ஏன் முழுவதும் நிமிர்த்த முடியாது என்பவை அவருடைய உடலுக்குத் தெரிந்த செய்திகள். அதனால்தான் அவர் அந்த மனிதனைக் கெட்டவனாக்கவும் இல்லை, புனிதனாக்கவும் இல்லை.

படத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. முன்பே குறிப்பிட்ட அந்த மேற்சட்டையும் தொப்பியும். வேலை தொடங்குமுன் ஒருவன் அவற்றைக் கழற்றி, மண் படாத இடம் பார்த்து, பின்னால் வைத்திருக்கிறான். மாலையில் எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டியவை அவை. அவனுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது, குளிர் இருக்கிறது, ஊரார்முன் தலைக்குத் தொப்பி வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அவனை விலங்கு என்று எழுதிய இரு தரப்பினரும் அந்தத் துணியைப் பார்க்கவில்லை. கல்வராயன் மலையில் ஜாகிர் காலத்து வெட்டி வேலையைப் பற்றி எழுதப்போகிறவர்கள், தீர்ப்புகளையும் அரசாணைகளையும் தேடுவதோடு, கொத்துக்காட்டின் ஓரத்தில் கழற்றி வைக்கப்பட்ட துண்டையும் தேடவேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அதைக் கண்டவர்கள் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். கேட்டு எழுத அதிக காலம் இல்லை.